போடிமெட்டு ஜீப்பில் ஒரு கிளாரினெட்

முதல் கொண்டை ஊசி வளைவில் சின்னமுத்து ஹாரனை அழுத்தியதுமே ஜீப்பின் பின்பலகையில் இருந்து பதில் வந்துவிடுகிறது. வாயை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே எழுப்பும் ஒலி. ஹாரனின் சுருதியோடு ஒட்டாமல் கொஞ்சம் மேலே நிற்கும். ஹாரன் ஓய்ந்த பிறகும் ஒரு விநாடி நீண்டு, பிறகு சறுக்கிக்கொண்டு கீழே இறங்கும். இரண்டாவது வளைவிலும் அதே ஹாரன்தான். பதில் மட்டும் வேறு. போடிமெட்டு ஏறுவதற்குள் பதினேழு வளைவுகள். பதினேழு பதில்களில் ஒன்று மற்றொன்றைப் போல இருந்துவிட்டால் சோலையம்மாளுக்கு அன்றைக்கு முழுவதும் முகம் சரியாக இருக்காது.

"எட்டாவதும் பன்னண்டாவதும் இன்னிக்கு ஒண்ணாப் போச்சுண்ணே" என்று இறங்கும்போது என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பதினேழும் ஒன்றாகத்தான் கேட்கும்.

டிரைவர் சின்னமுத்துவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. "நான் எதுக்க வர்ற லாரிக்கு ஹாரன் அடிக்கிறேன். இந்தப் புள்ள எனக்கு எசப்பாட்டுப் பாடுது" என்பார். ஆனால் அவள் வராத நாட்களில் வளைவுக்கு வளைவு கண்ணாடியில் பின்பலகையைப் பார்த்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன்.

மெட்டில் இருக்கிற சின்னத் தபாலாபீசில் முத்திரை குத்துகிறவன் நான். வீடு போடியில், வேலை மலையில். பத்து வருடங்களாகக் காலை ஆறரை மணி ஜீப்பில் முன்சீட்டு ஓரம் எனக்கு. பின்னால் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள், மடியில் தூக்குச்சட்டியும் மழைக்குப் போர்த்த பிளாஸ்டிக் தாளுமாக நெருக்கி அடித்து உட்கார்ந்திருப்பார்கள். சோலையம்மாள் மடியில் கூடுதலாக ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதற்குள், பழைய சேலைத் துணி சுற்றிய கிளாரினெட்.

வயது இருபத்தொன்பது. குள்ளம். நடையில் வேகம் அதிகம். கூட வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும். எல்லாப் பெண்களுக்கும் இருப்பது போல விரல்களில் ஏலக்காய்க் கறை உண்டு. வலது கட்டைவிரலில் மட்டும் ஒரு காய்ப்பு. கிளாரினெட்டின் முழுப் பாரத்தையும் அந்த விரல்தான் தாங்குகிறது. யாராவது அதைப் பார்த்து "என்னத்தா இது, பாலுண்ணியா?" என்று கேட்டால், "இல்ல, படிப்பு" என்பாள்.

மெட்டைத் தாண்டி இரண்டு மைலில், கேரளத்துக்குள் இருக்கிற ஒரு எஸ்டேட்டின் ஸ்டோரில் அவளுக்குச் சோலி. பறித்த காயைச் சூட்டறையில் உலர்த்தி, தேய்த்து, சலித்து, தரம் பிரிக்கிற இடத்தை அங்கே ஸ்டோர் என்கிறார்கள். காய் காய்ந்துவிட்டதா என்று மற்றவர்கள் நகத்தால் கீறிப் பார்ப்பார்கள். சோலையம்மாள் ஒரு கை அள்ளிக் காதோரம் குலுக்குவாள். மலையாளி சூப்பர்வைசர் எட்ட நின்று, "சோலையம்மே, மதியோ?" என்று, அதாவது போதுமா என்று, கேட்பார்.

"மதியில்ல சேட்டா. வெதை இன்னும் தோலோட ஒட்டிக்கிட்டு மொணங்குது. ஒரு மணி நேரம் சூடு கொடுங்க."

ஒரு முறை அவர் கேட்காமல் மூட்டை கட்டிவிட்டார். போடிக்குப் போய் ஏலம் விட மூட்டையைப் பிரித்தபோது காயில் பூஞ்சணம் பூத்திருந்தது. அதற்குப் பிறகு அவள் காது சொன்னால்தான் சூட்டறைக் கதவு திறக்கும்.

இந்தக் காதுக்குத்தான் சென்னையில் ஒரு பல்கலைக்கழகம் இருபத்தைந்துக்குப் பூஜ்யம் போட்டது.

ஏலக்காய் பொறுக்குகிறவளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். அவள் அண்ணன் சுருளிவேல் போடியில் பேண்டு செட் வைத்திருக்கிறார். பதினாலு பேர், சிவப்புக் கோட்டு, கல்யாணம் என்றால் முன்னால் நடப்பார்கள், சாவு என்றாலும் முன்னால் நடப்பார்கள். மலைமேல் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்று மூடியபோது அங்கே கிடந்த வாத்தியங்களை அவர் மொத்தமாக வாங்கி ஜீப்பில் இறக்கினார். டிரம்பெட் அவருக்கு வசப்பட்டது. கிளாரினெட் வசப்படவில்லை. ஊதினால் காற்றுத்தான் வந்தது. மூலையில் எறிந்ததை எடுத்து ஊதிச் சத்தம் வரவழைத்தவள் தங்கை. பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எந்தத் துளையை மூடினால் என்ன சுரம் என்று படம் போட்டு, சி, டி, ஈ என்று ஆங்கில எழுத்தில் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயர்களை அவள் விரலோடும் காதோடும் சேர்த்துத் தைத்துக்கொண்டாள். செட்டில் ஊதுகிற மற்றவர்களுக்கும் அதே பெயர்கள்தான். அதில் ஒருவருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஸ்டோரில் ஒரு ரேடியோ இருந்தது. மலை உயரத்துக்கு வெளிநாட்டு நிலையங்கள் தெளிவாக எடுக்கும். ஒரு நாள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். ரேடியோவில் நாலு பேர் ஒரே பாட்டை மாற்றி மாற்றி ஊதினார்களாம். ஒருவர் ஊதியது போல இன்னொருவர் ஊதவில்லை. அதன் பெயர் ஜாஸ் என்று பிறகு தெரிந்துகொண்டாள்.

"பாட்டு ஒண்ணுதாண்ணே. ஆளாளுக்குக் கைச்சரக்கப் போடுறாங்க. யாரும் யாரையும் வையல" என்று என்னிடம் வந்து சொன்னாள். அது அவளுக்குப் பெரிய செய்தி. பேண்டு செட்டில் சினிமாப் பாட்டை ஒரு சுரம் மாற்றி ஊதினால் கூட்டத்தில் இருந்து செருப்பு வரும்.

1978இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேல்நாட்டு இசைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. பி.யூ.சி. முடித்திருந்தாள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். கிடைக்காது என்கிற தைரியத்தில்தான் நிரப்பினேன். கிடைத்துவிட்டது. சுருளிவேல் என் வீட்டுக்கு வந்து, "படிச்ச மனுசன் செய்யிற வேலையாய்யா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் பஸ் ஏற்ற அவரே வந்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளும்படி மூன்று தடவை சொன்னார்.

அங்கே ஜாஸ் தனிப் பாடம். சொல்லிக் கொடுத்தவர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வந்திருந்த அமெரிக்கர். கார்டு என்று ஒன்று உண்டாம், தபால் கார்டு இல்லை, நாலு சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடுவது. எந்தக் கார்டுக்குப் பின்னால் எது வரலாம் என்பது ஒரு வகுப்பு. கேட்ட மாத்திரத்தில் அதைப் பிரித்துச் சொல்வது ஒரு வகுப்பு. அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பது ஒரு வகுப்பு. மற்ற மாணவர்கள் விடுதியில் மனப்பாடம் செய்ததைக் கற்பனை என்று சொல்லி வாசித்தார்கள். சோலையம்மாள் எழுந்து ஒரே ஒரு சுரத்தை மட்டும் எடுத்து, அதையே நீட்டியும் குறுக்கியும் வெட்டியும் இழுத்தும் இரண்டு நிமிடம் ஊதினாள். வகுப்பு சிரித்தது. அமெரிக்கர் சிரிக்கவில்லை. எங்கே கற்றாய் என்று கேட்டார்.

"எங்கூரு ஜீப்பு ஹாரனுக்கு ஒரு சுதிதான் சார். ஆனா லோடோட ஏறும்போது ஒரு மாதிரி அடிப்பாங்க, காலியா எறங்கும்போது ஒரு மாதிரி. எதுத்தாப்ல சம்பந்தகாரன் வண்டி வந்தா வேற மாதிரி" என்றாளாம். எப்படி அதை இங்கிலீஷில் சொன்னாய் என்று கேட்டேன். ஊதிக் காட்டினேன் என்றாள்.

அந்த மனிதர் பியானோவில் எதையாவது வாசித்துவிட்டு, "பேர் சொல்லாதே, திருப்பி வாசி" என்பது வழக்கம். அவளும் திருப்பி வாசிப்பாள். பிசகாது. இந்த நல்ல பழக்கம்தான் பின்னால் அவளைக் கவிழ்த்தது. அதற்கு முன்னால் சிலமலைக் கல்யாணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் வருட விடுமுறையில் வந்தவள் அண்ணனுடைய செட்டுக்கு ஒரு புது வித்தை கொண்டுவந்தாள். இசை எழுதுகிற தாளில் ஐந்து கோடுகள் இருக்கும். அதில் ஒரு கோட்டுக்கு அடியில் சின்னக் கறுப்புக் கட்டை ஒன்று தொங்கினால் நாலு எண்ணிக்கைக்கு யாரும் ஊதக் கூடாது. அதற்குப் பெயர் மௌனம். "வாய எடுத்துரணும். ஆனா எண்ணிக்கையை விடக்கூடாது. விட்டா செத்தோம்" என்று பதினாலு பேருக்கும் சுவரில் கரிக்கட்டையால் வரைந்து காட்டினாள். எண்ணுவதற்கு அவள் கால் பெருவிரலைத் தரையில் தட்டுவாள். அந்தப் பழக்கம் செட்டு முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது.

சிலமலையில் நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி வீடு. மாப்பிள்ளை அழைப்பு. எங்கள் பக்கத்தில் அழைப்பு கிளம்பினால் வீட்டு வாசல் சேரும் மட்டும் மேளம் நிற்கக் கூடாது, நின்றால் அபசகுனம். பாதித் தெருவில் சோலையம்மாள் கிளாரினெட்டை உயர்த்தினாள். பதினாலு பேரும் வாயை எடுத்துவிட்டார்கள். பெட்ரோமாக்ஸ் இரைவது மட்டும் கேட்டது. நாலு எண்ணிக்கைதான், ஆனால் பெண்ணின் தகப்பனார் அதற்குள் துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"ஏப்பா, எவன் செத்தான்னு நிப்பாட்டுனீங்க?"

அதற்குள் எண்ணிக்கை முடிந்து செட்டு மொத்தமும் ஒரே அடியில் எழும்பியது. குதிரையில் இருந்த மாப்பிள்ளை திடுக்கிட்டுப் போனார். சோலையம்மாள் வாத்தியத்தை எடுத்துவிட்டு, "நிக்கலங்கய்யா. நாலு எண்ணிட்டுத் திரும்ப வரும். அடுத்த தடவை நீங்களே எண்ணிப் பாருங்க" என்றாள். சுருளிவேலுக்கு டிரம்பெட்டுக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்திருக்கும். இனி நிற்காது என்று பெரியவரிடம் கைகூப்பினார். தங்கையோ அடுத்த தெருவில் மறுபடியும் நிறுத்தினாள். இந்தத் தடவை பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று கத்தினார்கள். மூன்றாவது தடவை தெருவே எண்ணியது, மாப்பிள்ளையும் சேர்ந்து. பெரியவர் மட்டும் கடைசி வரை எண்ணவில்லை. எனக்கு அவர் மேல் வருத்தம் கிடையாது. பெண்ணைப் பெற்றவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்.

இனி பரீட்சை. 1981 ஏப்ரல். அமெரிக்கர் ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. காதால் கேட்டுச் சுரம் சொல்கிற கேள்விப் பயிற்சித் தாளுக்கு வெளியில் இருந்து ஒரு தேர்வாளர் வந்தார். பியானோவில் இருபத்தைந்து ஒலிகள் வாசிப்பார், மாணவர்கள் பெயரை எழுத வேண்டும். திருப்பி வாசிக்கிற பேச்சே இல்லை. அதற்கு முன்னால் ஓர் ஒலியை வாசித்து, "இது சி" என்று அவரே சொல்லிவிட்டு, இதை வைத்து மற்றதைக் கண்டுபிடியுங்கள் என்றார்.

இங்கேதான் ஒரு சங்கதி. பியானோவில் சி என்கிற கட்டையை அழுத்தினால் வரும் ஒலிக்கு, பேண்டு செட்டுக் கிளாரினெட்டில் டி என்று பெயர். அது கிளப்பில் வாங்கிய வாத்தியத்தின் கோளாறு இல்லை. உலகத்தில் அந்த வகைக் கிளாரினெட் எல்லாம் பியானோவுக்கு, இடையில் இருக்கிற அரைச் சுரத்தையும் சேர்த்து எண்ணினால், இரண்டு படி தள்ளித்தான் பெயர் வைத்துக்கொண்டிருக்கின்றனவாம். இதை வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கும் தெரியும். "தலைக்குத் தெரியும்ணே. காதுக்கு யாரு சொல்றது? பரிச்சை ஹாலுல ஒக்காந்ததும் பயத்துல காது போடிக்கு ஓடியாந்துருச்சு" என்றாள்.

காது போடியில் உட்கார்ந்துகொண்டு டி என்றது. தேர்வாளர் சி என்றார். சோலையம்மாள் காதை நம்பினாள். நம்பியதோடு விட்டிருக்கலாம். விடைத்தாளின் மேலே, "ஐயா, முதல் சுரத்தின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டீர்கள், அது டி" என்று எழுதிவைத்துவிட்டு, இருபத்தைந்தையும் இரண்டு படி தள்ளி எழுதிக் கொடுத்தாள். வெளியே வந்து படிக்கட்டில் கால் வைத்தபோதுதான் தலை விழித்ததாம். திரும்பி ஓடினாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

இருபத்தைந்தும் தப்பு. ஆனால் இருபத்தைந்தும் ஒரே அளவில் தப்பு. செவிடு இப்படித் தப்புப் பண்ணுமா? எனக்கே புரிகிறது, அவர்களுக்குப் புரியாமல் இருந்திருக்காது. ஆனால் மேலே எழுதியிருந்த அந்த ஒரு வரி தேர்வாளரைச் சுட்டுவிட்டது. துறையில் ஒரு வழி சொன்னார்கள். தனக்குக் கேள்விப் பயிற்சி போதாது என்று ஒப்புக்கொண்டு, தேர்வாளரைக் குறை சொன்னதற்கு வருத்தம் தெரிவித்துக் கையெழுத்துப் போட்டால், மறு பரீட்சை எழுதலாம், பட்டம் வாங்கலாம்.

"பேரு தப்பு. அத ஒத்துக்கிறேன். அந்தச் சாருகிட்ட மன்னிப்பும் கேக்குறேன். காது பத்தாதுன்னு எழுதி நானே கையெழுத்துப் போடணுமாக்கும்? மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வருடம் ஜூனில் இருந்து, வருடத்துக்கு ஒன்றாக, ஆறு பதிவுத் தபால்கள் என் கையால் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற உத்தியோகம் இல்லை என்னுடையது. ஒட்டுவதற்கு முன்னால் அவளே படித்துக் காட்டுவாள். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். யாரை வேண்டுமானாலும் அனுப்புங்கள், எந்த வாத்தியத்தில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வாசிக்கச் சொல்லுங்கள், நான் திருப்பி வாசிக்கிறேன், ஒன்று பிசகினாலும் நீங்கள் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆறுக்கும் பதில் இல்லை. நான் கூட, "அட, ரெண்டு படி எறக்கி எழுதிட்டு வந்தா முடிஞ்சது. ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சு போகும்?" என்று சடைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அவள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, பூஞ்சணம் பிடித்த காயைப் பார்ப்பது போல இருக்கும்.

இந்த செப்டம்பரில் பதில் வந்தது. மெட்டுத் தபாலாபீசுக்கு வந்த உறையை நான்தான் சாயங்காலம் போடியில் அவள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கிலீஷில் டைப் அடித்த ஒரே தாள். இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினால் டிசம்பரில் பரீட்சை. இல்லாவிட்டால் பதிவு ரத்து, படித்த மூன்று வருடமும் ரத்து. "எனக்குக் கேள்விப் பயிற்சி போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்கிற அதே வாசகம். அடியில் ஒரு நீளக் கோடு, கையெழுத்துக்கு.

இந்த முறை வீம்பு பிடிக்கிற நிலைமையும் இல்லை. மலைமேல் விடுதியோடு கூடிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இசை டீச்சர் வேலை காலி. அங்கே போய் அவள் வாசித்துக் காட்டியிருக்கிறாள், அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பட்டம் கொண்டுவந்தால் ஜனவரியில் சேரலாம் என்று இடத்தை வைத்திருக்கிறார்கள். காலையில் காய் குலுக்கி, சாயங்காலம் சாவுக்கு ஊதுகிறவளுக்கு அது சும்மா இல்லை. பியானோ இருக்கிற பள்ளிக்கூடமாம். அந்த ஒன்றை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை ஜீப்பில் சுருளிவேலும் ஏறினார். தங்கை கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்கிற வரை கூட இருப்பது என்கிற முடிவோடு வந்திருந்தார். மலையடிவாரத்து முந்தல் தாண்டியதும் ஆரம்பித்தார்.

"கோடு கிழிச்சு எடங்காட்டிருக்கான். ஒரு கையெழுத்துத்தானத்தா. போட்டுட்டுச் சோலியப் பாரு."

சோலையம்மாள் பெட்டியை மடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்குக் காது இருக்குன்னு போடிக்கே தெரியும். மெட்ராசுக்காரனுக்குத் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன?"

பக்கத்தில் இருந்த வேலுத்தாய், "அண்ணன் சொல்றதும் சரிதான சோலை. டீச்சராப் போனா நாலு புள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம்ல" என்றாள். நானும் திரும்பி, "போட்டுரு ஆத்தா" என்றேன். மனதார அப்படி நினைத்துத்தான் சொன்னேன். அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது.

முதல் வளைவு. சின்னமுத்து ஹாரன் அடித்தார். பின்னால் சத்தமே இல்லை. இரண்டாவது வளைவிலும் இல்லை. ஐந்தாவது வளைவில் சின்னமுத்து தேவைக்கு மேல் நீளமாக அடித்தார். கண்ணாடியைப் பார்த்தார். அவள் பெட்டியை அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் அந்த மலையை இப்படி ஏறியதே இல்லை. பதினேழு வளைவும் போயிற்று, ஒரு பதில் வரவில்லை. சுருளிவேல் என் தோளைத் தொட்டு, வழிக்கு வந்துவிட்டாள் என்று கண்ணால் சொன்னார்.

தபாலாபீசைத் திறந்தேன். அவள் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பேனா கேட்டாள். மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்து, முதலில் பின்பக்கம் திருப்பினாள். வெறும் தாளில் ஐந்தைந்து கோடாகப் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். சுரங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் எழுத்து, கீழே ஓர் எழுத்து.

"இது என்னத்தா?" என்றார் சுருளிவேல்.

"இன்னிக்குப் பாடாத பதினேழு. வாயால பாடல, உள்ளுக்குள்ள பாடுனேன். மேல போட்டது நம்ம செட்டுப் பேரு. கீழ போட்டது பியானோப் பேரு. வாசிக்கத் தெரிஞ்சவுக யாராச்சும் அங்க இருந்தா வாசிச்சுப் பாக்கட்டும்."

அதே தாளில், "அன்று தங்களைத் திருத்தியது என் பிழை, மன்னிக்கவும்" என்று தேர்வாளருக்கு ஒரு வரியும் எழுதினாள். பதினேழும் பதினேழு விதமாக இருக்கிறதா என்று விரல் வைத்துச் சரிபார்த்தாள். பிறகு தாளை முன்பக்கம் திருப்பினாள்.

அந்த வாசகம். அடியில் அந்தக் கோடு. சுருளிவேல் எட்டிப் பார்த்தார். பேனா கோட்டின் நடுவே போய் நின்றது.

கோட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு கட்டம் வரைந்தாள். பிறகு நிதானமாக, கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளே வெள்ளை தெரியாமல் மையால் நிரப்பினாள். அன்றைக்குச் செட்டுக்காரர்களுக்குச் சுவரில் வரைந்து காட்டிய அதே, கோட்டில் இருந்து தொங்குகிற கறுப்புக் கட்டை. அதற்குப் பக்கத்தில் எழுத்தோ பெயரோ எதுவும் இல்லை.

சுருளிவேல் பேண்டுக்காரர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், வாயை எடுத்துவிட்டார்.

தாள் உறைக்குள் போயிற்று. நான் தேதி முத்திரையை எடுத்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற அவளுடைய கால் பெருவிரல் தட்டிக்கொண்டிருந்தது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.